கூகை தின்ற மூஞ்சூறும் ஒரு பழைய பேரேடும்

போகி, பள்ளத்தூர்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்க வருவார்கள். இல்லையென்றால் சாப்பிட வருவார்கள். என் மகளுக்கு இரண்டிலும் அக்கறை கிடையாது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஊர்வது, பறப்பது, நெளிவது எதுவானாலும் அதன் பின்னாலேயே போய்விடுவாள். பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. "இது என்னப்பா வேலை பாக்குது?" என்று அடுத்த கேள்வி வரும். வேலை வெட்டி இல்லாத பிராணி என்று ஒன்று இருக்க முடியும் என்பதையே அவள் ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பொங்கல் லீவில் ஊரில் அவள் இழுத்த இழுப்புக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

இருட்டோடு காரைக்குடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வீடு பங்காளிகள் பல பேருக்குப் பொது. முகப்பு இந்தத் தெருவில் என்றால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். அவ்வளவு பெரிய வீட்டில் குடியிருப்பது என் ஆத்தா ஒருத்திதான். மேல்மாடியைத் திறப்பது போகிக்கு மட்டும்.

இந்த முறை கதவைத் திறந்ததும் வீட்டு வேலைக்கு வரும் அக்கா இரண்டடி பின்வாங்கிவிட்டார். தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம். நடுவே கட்டைவிரல் தடிமனில் கருஞ்சாம்பல் நிற உருண்டைகள். அண்ணாந்து பார்த்தால், உத்தரத்து இடுக்கில் வெற்றிலை வடிவ ஆந்தை முகம் ஒன்று எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. கூகை.

"ஆகாது, அதை விரட்டு" என்றாள் ஆத்தா. கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்பது இங்கே தெரு முழுக்க இருக்கும் பயம். மகள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு உருண்டைகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.

அது பீ இல்லை. கூகை எலியைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கிவிடும். சதை செரித்துவிடும், முடியும் எலும்பும் செரிக்காது. வயிற்றுக்குள்ளேயே அவற்றை உருண்டையாகத் திரட்டி வாய் வழியாகக் கக்கிவிடும். ஓர் உருண்டையைக் கொட்டாங்குச்சியில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டோம். கொஞ்ச நேரத்தில் முடி பிரிந்துகொண்டது. ஈர்க்குச்சியால் தள்ளத் தள்ள, உள்ளே இருந்து விலா எலும்பு, தாடை, முதுகெலும்பு மணிகள், கடைசியில் உடையாத மண்டையோடுகள். எலி மண்டையோட்டில் முன்பல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பல்லின் மேற்பூச்சில் இரும்பு சேர்ந்திருப்பதால் வரும் நிறம் அது. கொறித்துக் கொறித்துத் தேயும் பல்லுக்கு அந்தக் கெட்டி வேண்டும்.

ஒரு மண்டையோடு மட்டும் வேறு மாதிரி. நீளமாய், கூராய், பல்லெல்லாம் வெள்ளையாய். மூஞ்சூறு. பார்க்க எலி மாதிரி இருந்தாலும் அது கொறிக்கும் சாதியே இல்லை. கரப்பான், பூச்சி, புழு தின்கிற சாதி.

"பிள்ளையார் வாகனத்தையா தின்னுருச்சு?" என்று ஆத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் வயலில் நெல் முற்றி நிற்கும் நேரம். இத்தனை உருண்டைக்கும் எத்தனை எலி போயிருக்கும் என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னதும், விரட்டு என்ற பேச்சை ஆத்தா மறுபடி எடுக்கவில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்யப் போன வீட்டில் பிறந்தவள். எலிக்கும் நெல்லுக்கும் உள்ள கணக்கு அவளுக்குப் புரியாதா?

கூகையின் காதுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். ஒரே சத்தம் இரண்டு காதிலும் வெவ்வேறு மாதிரி விழுவதால் கும்மிருட்டிலும் எலி இருக்கும் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். இதைச் சொன்ன பிறகு மகள் ஒரு காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தாள்.

சாமான் அறையைத் துடைக்கும்போது, பர்மாவில் கடை வைத்திருந்த காலத்துப் பேரேடு ஒன்று, எழுதாத தாள்களோடு கிடைத்தது. ஆத்தா பேத்தியை உட்கார வைத்து, ஒரு பக்கம் வரவு, எதிர்ப்பக்கம் பற்று என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் பக்கம் நிரம்பிவிட்டது. கூகை, வரவு: எலி பிடிக்கும். பற்று: அப்பத்தா தூக்கம், பிள்ளையார் வண்டி ஒன்று.

பொங்கல்

இன்றைக்கு வெளியே போகவில்லை. பொங்கல் வீட்டுக்கு வீடு ஒன்றுதான், அதை எழுதி என்ன. ஒரே ஒரு விஷயம்.

வாசலில் போட்டது கடையில் வாங்கிய கோலமாவு. உள்ளே ஆத்தா போட்டது நடுவீட்டுக் கோலம். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியை நனைத்து விரல் வழியே ஒழுகவிட்டு இழுப்பது. சாயந்தரம் பார்த்தால் நடுவீட்டுக் கோலத்தின் மேல் எறும்பு வரிசை; வாசல் கோலத்துக்கு ஓர் எறும்பும் வரவில்லை. எப்படி வரும்? பாக்கெட்டில் விற்பது கல்மாவு. எறும்புக்குப் படி அளக்கவே கோலம் போடுகிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் தங்கள் வாசலில் குனிந்து பார்க்க வேண்டும்.

மகள் சுவரைத் தடவி, ஏன் இப்படி வழவழப்பாக இருக்கிறது என்று கேட்டாள். சுண்ணாம்பை நாள் கணக்கில் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது என்றேன். பேரேட்டில் கோழிக்கு "வீடு கட்டியது" என்று வரவு வைத்துவிட்டாள்.

மாட்டுப் பொங்கல், தேவகோட்டைச் சாலை

அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருக்கிறார்கள் என்று பால்காரர் சொல்லி, விடிந்ததும் போனோம். செம்மறி ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். மாடெல்லாம் புலிக்குளம் மாடு. மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளத்தின் பெயரில் வழங்கும் இனம். கட்டுத்தறி காணாமல் மந்தையாகவே வளர்வது. மஞ்சுவிரட்டில் நிற்கும் காளைகளில் நிறைய இந்த வம்சம்தான்.

மந்தைக்குத் தலைவரான கீதாரிக்கு எழுபது வயதிருக்கும். ராமநாதபுரம் பக்கம். வெயில் காலம், மழைக் காலம் பார்த்து மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். மகளின் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காமல் பதில் சொன்ன முதல் ஆள் அவர்.

"மாடு என்ன வேலை பாக்குதா தாயி? ராத்திரி பூரா இந்த வயல்ல படுத்துக் கெடக்கும். அதான் வேலை. சாணியும் மோத்திரமும் மண்ணுல எறங்கும்ல. அதுக்குத்தான் வயக்காரரு எங்களுக்குக் கூலி குடுக்குறாரு. அந்தக் காலத்துல நெல்லு, இப்ப ரூவா."

"படுக்குறதுக்கா கூலி?"

"ஆமா. நாளைக்கு அங்கிட்டு, நாளன்னைக்கு அதுக்கும் அங்கிட்டு. வயலு பூராச் சுத்தி வரணும்ல."

சாணி வண்டு ஒன்று நாங்கள் நின்ற இடத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தது. அது தள்ளுவது பின்னங்காலால். தலை கீழே, உடம்பு தலைகீழாக, பின்பக்கமாக நடக்கும். சாணி உருண்டை கோலிக்குண்டு அளவு. உழவுசால் மேட்டில் ஏறும்போது உருண்டை நழுவி வண்டின் மேலேயே உருண்டு கீழே போனது. வண்டு இறங்கி வந்து மறுபடி பிடித்தது. மறுபடி நழுவியது. மகள் முட்டி போட்டுக் குனிந்துவிட்டாள். கை கொடுக்கப் போனவளைக் கீதாரி தடுத்தார். "விடு தாயி, அதுக்குத் தெரியும்." கடைசியில் வண்டு உழவுசாலைச் சுற்றிக்கொண்டு போய், மண் இளகிய இடம் பார்த்துத் தோண்ட ஆரம்பித்தது. உருண்டையோடு உள்ளே இறங்கிவிடும். முட்டை அதில்தான். புழு தின்றது போக மிச்சம் வேருக்கு. மாடு மேலே போட்டதை மண்ணுக்குள் கொண்டு சேர்ப்பது இந்த வண்டு. தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்தவர்கள் சாணி வண்டு ஒன்று ராத்திரியில் பால்வீதியின் வெளிச்சத்தைப் பார்த்து நேர்க்கோட்டில் உருட்டிப் போகிறது என்று 2013இல் காட்டினார்கள். நான் இதைச் சொன்னதும் கீதாரி நம்பவில்லை. "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் மரியாதைக்குச் சொன்னது.

உண்ணிக்கொக்குகள் மாட்டின் காலுக்குக் காலாக நடந்தன. மாடு அடியெடுத்து வைக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கத்தான் அந்த நடை. இரட்டைவால் குருவி மாட்டு முதுகிலேயே உட்கார்ந்து மேலே பறப்பதைப் பார்த்துக்கொள்ளும். மகள் பேரேட்டில் மும்முரமாக இருந்தவள், நிமிர்ந்து, "மாடு செத்துப்போனா யாரு வேலை?" என்றாள்.

கீதாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. முன்பெல்லாம் கழுத்தில் முடியில்லாத பெரிய கழுகுகள் கூட்டமாக இறங்கும், பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிஞ்சும் என்றார். இப்போது குழி வெட்டிப் புதைக்கிறார்களாம். புதைக்காவிட்டால் நாய்க்கூட்டம் சேர்ந்துவிடுகிறது, பிறகு அதே நாய்கள் ஆட்டுக்குட்டி மேல் பாய்கின்றன.

அவர் சொன்னது பிணந்தின்னிக் கழுகு, பாறு என்று பழைய பெயர். 1990களில் தொடங்கி இந்தியா முழுக்க இந்தக் கழுகுகள் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, அந்த மாடு செத்தால் சதையில் இருக்கும். தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். காரணம் கண்டுபிடித்து, கால்நடைக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று 2006இல் தடை போட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பாறு பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். ஒரு பறவையை இழந்த இடத்தில் நாய்க்கூட்டத்தையும் குழிவெட்டும் கூலியையும் வாங்கியிருக்கிறோம். எந்தக் கணக்குப்பிள்ளையும் இதை லாபம் என்று எழுதமாட்டான்.

சாயந்தரம் குன்றக்குடி. மலையே மயில் வடிவம் என்பது தல புராணம். மயூரகிரி என்று பெயர். மலையைச் சுற்றி நிஜ மயில்களும் உண்டு. பூக்கடைக்கார அம்மாவுக்கு மயில் மேல் கோபம்: கடலை, நெல் எதையும் விடுவதில்லை, விரட்டவும் பயம். பயம் சட்டத்துக்கு, 1963லிருந்து தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. நரி குறைந்ததால்தான் மயில் பெருத்துவிட்டது என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் அடித்துச் சொல்கிறார்கள். மயில் ஓணானையும் பாம்புக்குட்டியையும் தின்னும் என்று நான் மயிலுக்காகப் பேசினேன். "அதை என் கடலைக்காட்டுல நின்னு சொல்லுங்க அண்ணே" என்றார்.

யானை எங்கே என்று மகள் கேட்டாள்; போன தடவை வந்தபோது பார்த்தது அவளுக்கு ஞாபகம். கோயில் யானை சுப்புலட்சுமி 2024 செப்டம்பரில் கொட்டகையில் பிடித்த தீயில் காயப்பட்டு இறந்துபோனது. சொன்னேன். பேரேட்டில் பெயரை மட்டும் எழுதினாள்.

காணும் பொங்கல், கொள்ளுக்குடிப்பட்டி

சிராவயலில் இன்றைக்கு மஞ்சுவிரட்டு. சாலை அடைக்கும் முன் தாண்டிவிட வேண்டுமென்று இருட்டில் கிளம்பியும் பிரயோஜனமில்லை. குட்டியானை வண்டிகளில் காளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. "அப்பா, மாடு குட்டியானையில போகுது!" என்று மகள் சிரித்து முடிப்பதற்குள் ஒரு காளை வண்டியை உதைத்த உதையில் சிரிப்பு நின்றது. மஞ்சுவிரட்டு பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்; திறந்த பொட்டலில் மாடு எந்தப் பக்கம் வரும் என்று மாட்டுக்கே தெரியாத இடத்தில் சின்னப் பிள்ளையை நிறுத்த எனக்கு இஷ்டமில்லை.

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு, "கூகை ஒண்ணைத் தின்னுருச்சு, உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குல்ல?" என்று சத்தமாகவே விசாரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வைரவன்பட்டியில் வைரவர் பக்கத்து நாயைப் பார்த்ததும் சமாதானம் ஆனாள்.

திருப்பத்தூர் தாண்டி மேலூர்ச் சாலையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர், 1977இல் சரணாலயம் ஆனது. சத்தம் முதலில் வந்தது, பிறகு வாடை, பிறகுதான் பறவை. தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் இலையைவிடக் கூடு அதிகம். கூடுகட்ட இடம் பிடிப்பதில் அடுக்குமாடி வழக்கம்: உச்சியில் நாரை, நடுவில் கொக்கு, நீர்க்காகம், அடியில் வக்கா. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அதன் சிறகு தண்ணீரில் நனைந்துவிடும். நனைவதால்தான் முங்கி மீன் பிடிக்க வசதி, அப்புறம் காயவேண்டியிருக்கிறது.

நாங்கள் அதிக நேரம் பார்த்தது நத்தைகுத்தி நாரையை. அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சின் அலகில் அந்தச் சந்து இல்லை. வளர வளரத்தான் விழும். கரையோரச் சேற்றில் ஒன்று நத்தையைப் பிடித்து அழுத்திக்கொண்டு, கீழலகின் நுனியை மூடிக்குள் விட்டு, ஒரு திருகு திருகிச் சதையை உருவியது. அது நகர்ந்த பிறகு போய்ப் பார்த்தோம். ஓடு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. பாக்குவெட்டியால் வெட்டுவது மாதிரி நசுக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான். வரப்பு நெடுக அப்படி முழுசு முழுசாகக் காலி ஓடுகள்.

கரையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "தாத்தா, நீங்க இதுங்களுக்கு என்ன தர்றீங்க?" என்று மகள் கேட்டாள். அவள் கேள்வி இங்கே வந்து திரும்பிவிட்டது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"வெடி போடாம இருக்கோம்" என்றார்.

தீபாவளிக்கு இந்த ஊர்களில் பட்டாசு கிடையாது. பறவை பயந்து கூட்டை விட்டுப் போய்விடக் கூடாதென்று பல பத்து வருஷமாக இருக்கும் கட்டுப்பாடு. வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கிறது. சின்னப் பிள்ளைகள் கேட்கமாட்டார்களா என்றேன். "கேக்கும். பக்கத்து ஊர்ல மாமன் வீடு, மச்சான் வீடு இருக்குல்ல, அங்க போயி வெடிச்சுக்கிரும்" என்றார். எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்தது. தியாகம், புனிதம் என்று பெரிய வார்த்தை எதுவும் இல்லை. எச்சம் கண்மாய்த் தண்ணீரில் கரைந்து மடை வழியாக வயலுக்கு வருகிறது, நாரை நத்தையைத் தின்கிறது, அதற்கு ஊர் வெடி போடாமல் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல்.

மழை பொய்த்த வருஷம் கண்மாய் வற்றினால் பறவை வராது என்றும் சொன்னார். வராத வருஷத்திலும் வெடி இல்லை.

மறுநாள், நமணசமுத்திரம்

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் அய்யனார் கோயில். பாதையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊர் கூடி, குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுத்தால், அந்த மண்ணோடு கண்மாய் மண்ணைச் சேர்த்துப் பிசைந்து குதிரை செய்வார். காலும் வயிறும் உள்ளே கூடு. சூளையில் வெந்து, ஊர் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்திய பிறகு, உடைந்தால் உடைந்தபடியே நிற்கும், ஒட்டவைக்கமாட்டார்கள்.

"இந்தக் குதிரைக்கு என்ன வேலை?" அய்யனார் ராத்திரி ஊரைச் சுற்றிக் காவல் காக்க ஏறிப் போவார் என்றேன். பகலில்? அதை அவளே கண்டுபிடித்தாள். வயிறு உடைந்த ஒரு குதிரைக்குள் அணில் போய் வந்துகொண்டிருந்தது. இன்னொன்றின் காதுக்கு அடியில் மண்குளவி கூடு. சுண்டுவிரல் நுனி அளவில், கழுத்தும் விளிம்பும் உள்ள குட்டிப் பானை. குளவி வாயில் ஈரமண் உருண்டையோடு வந்து இறங்கி விளிம்பைச் சுற்றி ஒட்டியது, பறந்தது, திரும்ப வந்தது. பானை முடிந்ததும் முட்டையிட்டு, கொட்டி மயக்கிய பச்சைப்புழுக்களை உள்ளே அடைத்து, வாயை மூடிவிடும். குஞ்சுக்குச் சாப்பாடு. வேளார் மண்ணெடுத்த அதே கண்மாயில்தான் அதுவும் மண்ணெடுக்கிறது. மகள் பேரேட்டில் "குளவி வேளார்" என்று எழுதியதை நான் திருத்தவில்லை.

கோயிலைச் சுற்றிய மரங்களில் யாரும் கிளை ஒடிப்பதில்லை. ஊரின் மிச்சப் பொட்டலெல்லாம் சீமைக் கருவேலமாகிவிட்ட பிறகு, நாட்டு மரமும் நிழலும் பார்க்க அய்யனாரிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

கிளம்பும் நாள், காரைக்குடி ஸ்டேஷன்

பல்லவன் விடியுமுன் கிளம்பும். பிளாட்பாரத்தில் கொசு பிடுங்குகிறது. மகள் காலைச் சொறிந்துகொண்டே பேரேட்டை மடியில் விரித்து வைத்திருக்கிறாள். கொசுவுக்குப் பற்றுப் பக்கம் நிரம்பிவிட்டது, வரவுப் பக்கம் காலி. கடிப்பது பெண்கொசு மட்டும், ஆண்கொசு தேன் குடித்துப் பிழைக்கும், கொசுப்புழுவை மீன்குஞ்சும் தட்டானின் குஞ்சும் தின்னும், தட்டானை அந்த இரட்டைவால் குருவி தின்னும் என்று நான் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அது மத்தவங்க தின்னுற வேலைப்பா. இது என்ன வேலை பாக்குது?"

சென்னை போய்ச் சேரும்வரை நேரம் இருக்கிறது.